ஹாம் ரேடியோ தேர்வு: விதிமுறைப் பகுதியில் சறுக்காதீர்கள்

மின்னணுவியல் படித்தவன் என்ற திமிரோடுதான் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வயர்லெஸில் பிறரோடு பேசுவது) தேர்வுக்கு விண்ணப்பித்தேன். ஆன்டெனாவும் டிரான்சிஸ்டரும் கல்லூரியிலேயே பழகியவை. விதிமுறைப் பகுதியைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தேன்.

மயிலாப்பூரில் மூத்த ஹாம் ஒருவர் காபி ஆற்றிக்கொண்டே கேட்டார்: “தம்பி, உன் மாமா ஒரு டிரான்ஸ்மிட்டர் கொடுக்கிறார். பரணில் போட்டுவிட்டாய், ஒருநாளும் இயக்கவில்லை. குற்றமா?”

“இயக்கினால்தானே சார் குற்றம்?”

“அப்படியானால் 1933-இல் எதற்கு இன்னொரு சட்டம் போட்டார்கள்?”

அன்றிரவுதான் புத்தகத்தைப் பிரித்தேன். 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், நிலையம் அமைத்து நடத்த உரிமம் கேட்கிறது. 1933-ஆம் ஆண்டின் வயர்லெஸ் தந்திச் சட்டமோ, கருவியை வைத்திருப்பதற்கே உரிமம் கேட்கிறது. பரணும் தப்பாது! இவ்விரண்டுக்கும் மாற்றாக 2023-இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே பழைய புத்தகக் கடையில் வழிகாட்டி வாங்குபவர்கள் பதிப்பாண்டைப் பார்த்து வாங்குங்கள்.

பலர் குழம்பும் இன்னொரு இடம் உண்டு. தேர்வில் தேறினால் கிடைப்பது இயக்குபவருக்கான சான்றிதழ். நிலையத்துக்கு உரிமம் தனி. ஓட்டுநர் உரிமமும் வண்டியின் ஆர்.சி. புத்தகமும் வேறு வேறுதானே? மீனம்பாக்கத்து ராடாரோ உங்கள் மொட்டைமாடி ஆன்டெனாவோ, அலைவரிசை விஷயத்தில் எல்லாம் மத்திய அரசில் அலைவரிசைகளை நிர்வகிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவின் கீழ்தான் வரும்.

தேர்வில் இரண்டு பிரிவுகள். தொடக்கநிலையான ரெஸ்ட்ரிக்டட் பிரிவுக்கு மோர்ஸ் (புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் முறை) கிடையாது. ஒவ்வொரு பகுதியிலும் 40 விழுக்காடு, மொத்தத்தில் 50 எடுக்க வேண்டும். தியரியில் அள்ளிக்கொண்டு விதிமுறையில் கோட்டைவிட்டால் தேற முடியாது. அதற்கு மேல்நிலையான ஜெனரல் பிரிவுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கியூ குறியீடுகளை, அதாவது வயர்லெஸில் பயன்படும் மூன்றெழுத்துச் சுருக்கங்களை, எழுதிப் பார்த்தே படியுங்கள். கியூ.ஆர்.எம்., கியூ.ஆர்.என். இரண்டும் என்னை ஆட்டிவைத்தன. எம் என்றால் மனிதர், அதாவது பிற நிலையங்களின் குறுக்கீடு. மற்றது இடி மின்னலின் இரைச்சல் என்று வைத்துக்கொண்ட பிறகு மறக்கவில்லை. பாட்டு ஒலிபரப்பக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, ரகசியக் குறியீட்டில் செய்தி அனுப்பக் கூடாது என்பவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

பெருங்குடி கண்காணிப்பு நிலையத்தில் தேர்வு எழுதித் தேறினேன். உரிமத்துக்காகக் காத்திருக்கிறேன். ரேடியோ கடைக்காரர் இரண்டு முறை போன் செய்து தள்ளுபடி சொல்லிவிட்டார். கால் சைன் (நிலையத்துக்கான அடையாளக் குறி) வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.