ஐம்பது நிட் திரைக்கு ஓர் எச்டிஆர் வளைவு

எச்டிஆர் படம் (ஆழ்ந்த இருளிலிருந்து கண்கூசும் ஒளிவரை காட்டும்படி பதிவான படம்) ப்ரொஜெக்டரில் இருண்டுதான் தெரியும், வேண்டுமானால் லேசர் ப்ரொஜெக்டர் வாங்கு என்பதுதான் எனக்குக் கிடைத்த பொதுவான அறிவுரை. விலையைப் பார்த்தபின், இருக்கிற பழைய டிஎல்பி ப்ரொஜெக்டரையும் 120 அங்குலத் திரையையும் வைத்துக்கொண்டே, படத்தின் வெளிச்சத்தைத் திரையின் வெளிச்சமாக மாற்றும் வளைவு ஒன்றை நானே கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் அளவு. விளம்பரத்தில் சொல்லும் லூமெனை (ப்ரொஜெக்டரின் மொத்த ஒளி) நம்பிப் பயனில்லை. முழு வெள்ளைப் படத்தை ஓடவிட்டு, திரையின் நடுவில் லக்ஸ் மீட்டரை (ஓரிடத்தில் விழும் ஒளியை அளக்கும் கருவி) ப்ரொஜெக்டரை நோக்கிப் பிடித்தால் போதும். லக்ஸை 3.14 ஆல் வகுத்து, திரையின் கெயினால் (திரை ஒளியைத் திருப்பித் தரும் அளவு) பெருக்கினால் நிட், அதாவது நம் கண்ணுக்கு வரும் திரை வெளிச்சத்தின் அளவு, கிடைத்துவிடும். ‘பிரைட்’ முறையில் எனக்கு 290 லக்ஸ் வந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தில் பாதி, ப்ரொஜெக்டருக்குள் சுழலும் நிறச் சக்கரத்தில் இருக்கும் வெள்ளைத் துண்டு தருவது. வெள்ளை மட்டும் பளிச்சிடும், சிவப்பும் பச்சையும் அந்த வேகத்தில் வராது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே அளந்து கூட்டினால் வெள்ளையின் அளவு வர வேண்டும். அந்த முறையில் வரவே இல்லை. அதன்மேல் எந்த வளைவை ஏற்றினாலும் நிறங்கள் செத்துத்தான் தெரியும். அந்த முறையை அணைத்தேன். 160 லக்ஸ் மிஞ்சியது. என் திரையின் கெயின் 1 என்பதால், கிட்டத்தட்ட 50 நிட்.

டிஜிட்டல் சினிமாத் திரையில் வெள்ளையின் நிர்ணயமே 48 நிட்தான். இருட்டறையில் அந்த வெளிச்சத்தில்தான் இத்தனை காலமும் தியேட்டரில் படம் பார்த்து மகிழ்ந்திருக்கிறோம். ஆகவே குறை விளக்கில் இல்லை, வெளிச்சத்தைப் பங்கிடும் விதத்தில் இருக்கிறது.

வெளிச்சத்தை எண்ணாக்க எச்டிஆர் பயன்படுத்தும் பிக்யூ குறியீட்டை, திரைத்துறைத் தரநிலைகளை வகுக்கும் எஸ்எம்பிடிஇ அமைப்பு 2014இல் எஸ்டி 2084 என்ற எண்ணில் தரப்படுத்தியது. எஸ்டிஆர் எனப்படும் சாதாரணப் படங்களின் பழைய காமா வளைவைப் போல இது திரையின் உச்சத்தோடு ஒப்பிடும் அளவு அல்ல. ஒவ்வொரு குறியீட்டு எண்ணும் ஒரு குறிப்பிட்ட நிட்டைச் சுட்டும். உச்சம் 10,000 நிட். 50 நிட் என்பது அந்த அளவுகோலில் 44 சதவீத இடத்திலேயே வந்துவிடுகிறது. 100 நிட் 51 சதவீதத்தில், 1,000 நிட் 75 சதவீதத்தில். என் திரை காட்டக்கூடியதற்கு மேலே பாதிக்கும் அதிகமான குறியீடுகள் கிடக்கின்றன. ப்ரொஜெக்டர் தன் பங்குக்கு அத்தனை உச்சத்தையும் உள்ளே திணிக்கப் பார்க்கிறது. விளைவாக முகங்கள் நிழலில் மூழ்குகின்றன. மெனுவில் ஒரு எச்டிஆர் ஸ்லைடர் உண்டு. அது வளைவை மொத்தமாக மேலும் கீழும் தள்ளுமே தவிர வடிவத்தை மாற்றாது.

குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்துவதைப் போலத்தான் இது: முதலில் அரிசிக்கும் வாடகைக்கும் எடுத்துவைக்க வேண்டும், தீபாவளிப் பட்டாசு பிறகு. இங்கே அரிசி என்பது மனித முகம். முகங்களும் சுவர்களும் சட்டைகளும் பெரும்பாலும் 100 நிட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. அதற்கு மேலுள்ளவை சூரியன், விளக்கு, கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் ஒளி.

ஆகவே என் வளைவை முகத்திலிருந்து தொடங்கினேன். படத்தில் 5 நிட் இருந்தால் திரையில் 2, 30 இருந்தால் 10, 100 இருந்தால் 26, எச்டிஆர் வெள்ளைக்கு ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரைக்கும் 203 நிட்டுக்கு 36, 1,000க்கு 50. அதாவது 200க்கும் 1,000க்கும் இடைப்பட்ட பரப்பு முழுவதற்கும் என்னிடம் மிச்சம் 14 நிட்தான். தாராளமில்லைதான், ஆனால் வேண்டுமென்றே எடுத்த முடிவு. இப்புள்ளிகளை நேர்கோடுகளால் இணைக்கக் கூடாது. சாய்வு திடீரென முறியும் இடத்தில் வானம் பட்டை பட்டையாகத் தெரியும். ஏற்றம் எங்கும் தடைபடாத ஸ்ப்லைன் (புள்ளிகளை வழுக்கலாக இணைக்கும்) வளைவாக, மடக்கை அளவில் இணைத்தேன்.

இருளின் அடிப்பகுதிக்குத் தனிக் கவனம் வேண்டியிருந்தது. என் ப்ரொஜெக்டரின் கறுப்பு ஏறத்தாழ 0.03 நிட். (இதைத் திரையில் அளக்கச் சாதாரண மீட்டருக்குக் கூர்மை போதாது, லென்ஸுக்கு அருகே மீட்டரைப் பிடித்து, வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதத்தை எடுத்தேன்.) 5 நிட்டுக்குச் செய்ததைப் போல 0.4 ஆல் பெருக்கினால் 0.1 நிட் விவரம் கறுப்போடு கறுப்பாகக் கரைந்துவிடும். அங்கே மட்டும் 0.7 வைத்தேன்.

படம் ஓட்டும் பிளேயர் எம்பிவி என்ற மென்பொருள். பிக்யூவை நிட்டாக மாற்றி, வளைவைப் போட்டு, ப்ரொஜெக்டரின் உண்மையான காமாவைத் தலைகீழாக்கும் சிறிய பைத்தான் நிரல் எழுதி, 3டி லட் (ஒவ்வொரு நிறத்துக்கும் மாற்று நிறம் சொல்லும் அட்டவணை) கோப்பாக்கினேன். அந்த உண்மையான காமாவை எச்சிஎஃப்ஆர் என்ற இலவச மென்பொருளாலும் நிறத்தை அளக்கும் கலரிமீட்டராலும் அளந்தேன். மெனு சொன்ன 2.2 நடுப்பகுதியில் மட்டுமே பொருந்தியது. வெளியே போவது சாதாரண எஸ்டிஆர் சிக்னல் என்பதால் ப்ரொஜெக்டரின் எச்டிஆர் முறை குறுக்கே வராது.

வெளிச்சம் முதல் ஓட்டத்திலேயே சரியாக வந்தது. சிக்கல் நிறத்தில். சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனியே வளைவைப் போட்டால் தீச்சுவாலை மஞ்சளாகிவிடுகிறது: உயரத்தில் இருக்கும் சிவப்பு அதிகம் நசுங்குகிறது, கீழே இருக்கும் பச்சை குறைவாக நசுங்குகிறது, விகிதம் மாறுகிறது. மூன்றில் பெரியதை மட்டும் வளைவில் ஏற்றி, மற்ற இரண்டையும் அதே விகிதத்தில் குறைத்தால் ஆரஞ்சு ஆரஞ்சாகவே நிற்கிறது. ஆனால் அப்போது தீ ஒளிர்வதாகத் தெரியவில்லை, வர்ணம் பூசியதுபோல் இருக்கிறது. இரண்டையும் கலந்தேன், விகிதம் காக்கும் முறைக்கு முக்கால் பங்கு. இதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை, என் கண்ணுக்குப் பிடித்த அளவு.

எல்லாப் படத்துக்கும் ஒரே கோப்பு ஒத்துவராது. 4,000 நிட் மானிட்டரில் கலர் கிரேடிங் (நிறமும் வெளிச்சமும் சீரமைத்தல்) செய்த படங்களில் மேகங்கள் 1,000ஐத் தாண்டி வெளுத்துப்போகின்றன. அவற்றுக்கு 100 நிட்டை 23ஆக இறக்கி, மேலே இடம் விட்ட இரண்டாவது கோப்பு. எதைப் போடுவது என்று படத்தின் உச்ச வெளிச்சத்தைச் சொல்ல அதனுடன் வரும் மேக்ஸ்சிஎல்எல் எண்ணைப் பார்த்து முடிவு செய்ய முடியவில்லை. பல படங்களில் அது பூஜ்ஜியம், சிலவற்றில் ஒரே ஒரு காட்சியின் மின்னலால் வந்த எண். வெயில் காட்சி ஒன்றை ஓட்டிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறேன். கீபோர்டில் ஒரு பொத்தானில் கோப்பு மாறும்படி வைத்திருக்கிறேன்.

விளக்கு மங்க மங்க 160 லக்ஸ் இறங்கிக்கொண்டே போகும். நிரலில் உச்ச நிட் என்ற ஒரே எண்ணை மாற்றினால் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து சுருங்கும். 35 நிட்டுக்குக் கீழே போனால் வளைவை இழுத்துக்கொண்டிருக்கப் போவதில்லை, புது விளக்கு வாங்கிவிடுவேன்.