கைடட் பாராஷூட் பெட்டி: அஞ்சாவது டிராப்ல 11 மீட்டர்

தானா டார்கெட்டைத் தேடி இறங்குற என் பாராஷூட் பெட்டி அஞ்சாவது டிராப்ல டார்கெட்லருந்து 11 மீட்டர்ல இறங்கிடுச்சு, இன்னும் நம்பவே முடியல. 600 கிராம் பெட்டி, மேல 1.6 மீட்டர் பாராஃபாயில் (இறக்கை மாதிரி விரிஞ்சு முன்னாடி சறுக்குற பாராஷூட்), பின் ஓரத்து பிரேக் கயிறு ரெண்டையும் ரெண்டு சர்வோ (சின்ன மோட்டார்) இழுக்கும், எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம் திரும்பும். டிரோன்ல 100 மீட்டர் ஏத்தி விட்டா நமக்கு கிடைக்கிறது முப்பது செகண்ட் சொச்சம். ஸ்பேஸ் ஸ்டேஷன்லருந்து சின்ன சாம்பிள்களை இறக்க நாசா யோசிச்ச எஸ்பிக்யூஆர் திட்டத்துலயும் கடைசி கட்டம் இதே மாதிரி தானா திரும்பி இறங்குற பாராஃபாயில்தான், அதைப் படிச்சதுலருந்து பிடிச்ச பைத்தியம் இது.

முதல் ரெண்டு டிராப்லயும் கயிறு சிக்கிடுச்சு, மடிக்கிற விதத்தை மாத்துனதும் சரியாச்சு.

மூணாவதுதான் வயித்தக் கலக்குச்சு. குடை அழகா விரிஞ்சுது, லேசா இடது பக்கம் திரும்புச்சு, அப்புறம் திரும்பிக்கிட்டே இருந்துச்சு, வேகம் ஏற ஏற பம்பரம் மாதிரி சுத்தி தரையில மோதி பெட்டியோட ஒரு மூலையே போச்சு. பிரிச்சுப் பாத்தா ஜைரோ (சுத்துற வேகத்தை அளக்குற சென்சார்) போர்டை தலைகீழா ஒட்டியிருக்கேன். சுத்துறதை அடக்க வேண்டிய கணக்கு குறி மாறிப் போய் இன்னும் சுத்த விட்டிருக்கு. 2004ல நாசாவோட ஜெனிசிஸ் கேப்சூலும் இப்படித்தான், வேகக் குறைவை உணர வேண்டிய சென்சார் தலைகீழா இருந்ததால பாராஷூட் விரியவே இல்ல, சூரியக் காத்து (சூரியன்லருந்து வீசுற துகள்) சாம்பிளோட யூட்டா பாலைவனத்துல போய் மோதுச்சு. இப்பல்லாம் ஒவ்வொரு டிராப்புக்கும் முன்னாடி பெட்டியைக் கையில தொங்கவிட்டு இடதுபக்கம் திருப்புவேன், வலது சர்வோ இழுத்தாத்தான் மேல அனுப்புவேன்.

நாலாவதுல காத்து. பெட்டியோட வேகம் செகண்டுக்கு 7 மீட்டர், எதிர்க்காத்தும் கிட்டத்தட்ட அதே அளவு, அப்படியே அந்தரத்துல நின்னுடுச்சு, நின்னா ஜிபிஎஸ் காட்டுற திசைக்கு அர்த்தமே கிடையாது, லாக்ல பாத்தா வடக்கு, தெற்கு, கிழக்குன்னு தாவுது, சர்வோ ரெண்டும் மாறி மாறி இழுத்திருக்கு. அதனால இப்ப திசைக்கு காம்பஸ், ஜிபிஎஸ் இடத்துக்கும் வேகத்துக்கும் மட்டும். விரிஞ்சதும் ஒரு முழு வட்டம் அடிக்க விடுறேன், அந்த வட்டத்தோட ஜிபிஎஸ் வேகத்தை திசையோட சேர்த்து சராசரி எடுத்தா மிஞ்சுறது காத்துதான், அதை வெச்சு டார்கெட்லருந்து காத்து வர்ற பக்கமா கொஞ்சம் தள்ளி குறி வெக்குது. வட்டத்துக்கு 25 மீட்டர் உயரம் செலவாகுது, ஆனா அந்த 11 மீட்டர் வந்ததே இதனாலதான்.

அடுத்து, வேகம் குறைஞ்சு மெதுவா இறங்க, தரையைத் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் சேர்த்து இழுக்கணும். உயரம் பாக்க லேசர் சென்சார் மாட்டியாச்சு, காத்து அடங்குனதும் ஆறாவது டிராப்.