பழைய ஹரிக்கேன் கிட்: முதலில் அந்தத் தரையை வெட்டி எடுங்கள்

1970-களின் அச்சில் வார்த்த 1:72 (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) ஹரிக்கேன் போர் விமான பிளாஸ்டிக் மாடல் கிட்டைத் திறந்தால் காக்பிட்டுக்கென்று கிடைப்பது மூன்றே சாமான்: தட்டையாக ஒரு தரை, ஒரு நாற்காலி, ஒரு பொம்மை விமானி. அந்தத் தரைதான் முதல் தப்பு. நிஜ ஹரிக்கேனில் தரையே கிடையாது.

ஹாக்கர் ஹரிக்கேனின் உடல் கிட்டத்தட்ட நம் ஊர்க் கல்யாணப் பந்தல் மாதிரிதான். உள்ளே எஃகுக் குழாய்களைக் கோத்துக் கட்டிய கூடு, அதைச் சுற்றி மரச் சட்டங்கள், நீளவாட்டில் மெல்லிய மரப் பட்டிகள், அதன் மேல் இழுத்துக் கட்டிய துணி. விமானியின் கால் வைக்க, மிதிக்கட்டை வரை போகும் இரண்டு குறுகலான தகரத் தொட்டிகள் மட்டும் உண்டு. நாற்காலிக்குக் கீழே எட்டிப் பார்த்தால் குழாயும் கம்பியும் இருட்டும்தான். இதைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது. தரையை விட்டுவிட்டு நூறு சுவிட்சு ஒட்டினாலும் அது ஹரிக்கேன் ஆகாது.

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட ஓடுதளம் இருக்கிறது. அந்த வருஷங்களில் இந்திய விமானப்படையின் பல ஸ்குவாட்ரன்கள் ஓட்டியது ஹரிக்கேன்தான். 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் 1-ஆம் ஸ்குவாட்ரன் பறந்ததும் இதில்தான். தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. ஒரு பழைய கிட்டை எடுத்து மெனக்கெடுவதென்றால் நம் பக்கத்து ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான விமானம் இல்லை என்பது என் கட்சி.

வேலைக்கு முன் இரண்டு எண்களை எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். நிஜத்தில் ஒரு அடி, 1:72-இல் 4.23 மி.மீ. ஒரு அங்குலம், 0.35 மி.மீ. இறக்கை நுனிக்கு நுனி 40 அடி, அதாவது மாடலில் 169.3 மி.மீ. இறக்கைகளை டேப் போட்டு நிறுத்தி அளந்து பாருங்கள். ஒரு மி.மீ. கூடக் குறைய இருந்தால் விட்டுவிடலாம், கண்ணுக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரிவது தடிமன். கிட்டின் காக்பிட் சுவர் 1.2 மி.மீ. இருந்தால் நிஜ விமானத்தில் அது 8.6 சென்டிமீட்டர்! துணி போர்த்திய விமானத்துக்குக் கோட்டைச் சுவர். இறக்கையின் பின்விளிம்பு 0.8 மி.மீ. என்றால் 5.8 சென்டிமீட்டர். அதனால் எதையும் சேர்ப்பதற்கு முன் சுரண்டுங்கள். காக்பிட் விளிம்பை உள்பக்கமிருந்து வளைந்த பிளேடால் சுரண்டி 0.4 மி.மீ.க்குக் கொண்டுவரலாம். அவ்வப்போது விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் இன்னும் மேடு பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். பின்விளிம்பை இறக்கையின் கீழ்ப்பாதியின் உள்பக்கத்தில் மட்டும் தேய்த்து மெலிதாக்குங்கள், மேல்பாதியைத் தொட வேண்டாம். இப்படி மெலிந்த இடத்தில் திரவ சிமென்ட் தடவக் கூடாது. அது பிளாஸ்டிக்கை உருக்கி இரண்டு நாள் கழித்து வெளிப்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழ வைக்கும். அங்கெல்லாம் சூப்பர் குளூ, அதுவும் ஊசி முனையில் ஒரு பொட்டு.

பிளாஸ்டிக் ஷீட்டுக்குச் சென்னைக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஐஸ்கிரீம் கப், தயிர் கப், பார்சல் மூடி எதையும் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் பாலிஸ்டைரீன், கிட்டின் பிளாஸ்டிக்கும் அதே இனம்தான். திரவ சிமென்ட் அதைக் கிட்டோடு உருக்கி ஒட்டும். 5 என்று இருந்தால் தூக்கிப் போடுங்கள், அது பாலிபுரொப்பிலீன், எந்தப் பசையும் பிடிக்காது. கப்பின் பக்கச் சுவர் பெரும்பாலும் அடிப்பாகத்தைவிட மெலிசு. வெர்னியரில் அளந்து 0.25-லிருந்து 0.3 மி.மீ. வரை உள்ளதைத் தனியாக எடுத்து வையுங்கள். மோட்டார் ரீவைண்டிங் கடையில் 36 கேஜ் செம்புக் கம்பி கேளுங்கள், அது 0.19 மி.மீ. மருந்துக் கடையில் 21, 26 எண் ஊசிகள் ஒவ்வொன்றிலும் ஆறு. பச்சை மூடி 21, பழுப்பு மூடி 26.

இனி காக்பிட். தரையை முழுவதுமாக வெட்டி எடுத்தபின் உடலின் உள்சுவரில் முதலில் ஒட்ட வேண்டியது நீளவாட்டுப் பட்டிகள். சூடாக்கி இழுத்த ஸ்ப்ரூவில் (கிட்டின் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் குச்சி) 0.25 மி.மீ. கனத்தில், ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு. ஸ்ப்ரூ இழுக்க மெழுகுவர்த்தியைவிட அகல் விளக்கு நல்லது, சுடர் அசையாமல் நிற்கும். ஸ்ப்ரூவைச் சுடருக்கு இரண்டு விரற்கடை மேலே பிடித்துச் சுழற்றுங்கள். நடுவில் பளபளப்பேறித் தொய்ய ஆரம்பித்ததும் வெளியே எடுத்து, மனதுக்குள் ஒன்று எண்ணி, அப்புறம் இழுங்கள். உடனே இழுத்தால் தலைமுடியாகப் போய்விடும், தாமதித்தால் தடியாக நின்றுவிடும். இழுத்த பிறகு இரு கையையும் பத்து விநாடி விறைப்பாக வைத்திருந்தால்தான் நேராக இறுகும்.

குழாய்க் கூடு இந்தப் பட்டிகளின் மேல் நேராக ஒட்டக் கூடாது. நிஜத்தில் குழாய்கள் துணியிலிருந்து தள்ளி உள்ளே நிற்கின்றன, இடையில் காற்று இருக்கிறது. அந்த இடைவெளிதான் உயிர். 0.5 மி.மீ. ஸ்ப்ரூவில் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவே செங்குத்தும் சாய்வுமாக, ஏணிபோல ஒரு சட்டத்தைத் தனியாகக் கண்ணாடித் துண்டின் மேல் கட்டுங்கள். அடியில் வரைபடத்தை வைத்துக்கொண்டால் சாய்வு தப்பாது. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு. காய்ந்ததும் முன்னும் பின்னும் 0.5 மி.மீ. துண்டுகளைத் தாங்கலாக வைத்துச் சுவரிலிருந்து விலக்கி நிறுத்துங்கள். பிறகு உடலின் இரு பாதியையும் மூடிப் பார்க்க வேண்டும். நாற்காலி நுழையாவிட்டால் தப்பு கூட்டில் இல்லை, நாற்காலியில். கிட்டின் நாற்காலி தடிமனாக இருப்பதால் அகலமாகிவிடுகிறது. 0.25 மி.மீ. ஷீட்டில் அடி, முதுகு, இரண்டு பக்கம் என நான்கு துண்டாக வெட்டிப் புதிதாகச் செய்துவிடுங்கள், இருபது நிமிட வேலை. கால் தொட்டிகளையும் அதே ஷீட்டில் மடிக்கலாம்.

நாற்காலி வார் 0.6 மி.மீ. அகலத்தில் மாஸ்கிங் டேப். அக்காலத்து சட்டன் வகை வாரில் வரிசையாகத் துளைகள் இருக்கும். கூர்மையான பென்சில் முனையால் புள்ளி வைத்தாலே போதும்.

கருவிப் பலகையில் பிரிட்டிஷ் விமானங்களுக்கு ஓர் அடையாளம் உண்டு: நடுவில் ஆறு கடிகாரங்கள், மூன்று மூன்றாக இரண்டு வரிசை. வேகம், செயற்கைத் தொடுவானம், ஏறிறங்கும் வீதம் மேலே. உயரமானி, திசைக் கைரோ, திருப்பமானி கீழே. பெரிய கடிகாரம் மூன்று அங்குலம் சொச்சம், ஆகவே 1.1 மி.மீ. துளை. 0.25 மி.மீ. வெள்ளை ஷீட்டில் முதலில் ஊசியால் ஆறு புள்ளி குத்தி, பிறகு ‘பின் வைஸ்’ எனும் விரலால் சுழற்றும் சின்னத் துளைப்பானில் 0.5, 0.8, 1.1 என்று படிப்படியாகத் துளையுங்கள். நேரடியாக 1.1 போட்டால் டிரில் நடந்து வரிசை கெட்டுவிடும். பின்னால் வைக்கும் துண்டும் வெள்ளை ஷீட்தான். அதில் மங்கல் கறுப்பு அடித்து, காய்ந்ததும் தையல் ஊசியால் முள்ளையும் கோடுகளையும் கீறினால் அடியிலுள்ள வெள்ளை எட்டிப் பார்க்கும். எந்தத் தூரிகையும் அந்தக் கோட்டை வரையாது. கடைசியில் துளைக்குள் ஒரு சொட்டு பளபளப்பு வார்னிஷ், கண்ணாடி ஆகிவிடும்.

கட்டுப்பாட்டுக் கோலின் தலை வளையம். 36 கேஜ் கம்பியை 1.5 மி.மீ. டிரில்லின் பின்முனையில் ஒரு சுற்றுச் சுற்றி வெட்டினால் கிடைத்துவிடும். குழாய்களுக்கு அலுமினிய நிறம், மேற்சுவருக்கும் நாற்காலிக்கும் உட்புறச் சாம்பல் பச்சை, கால் தொட்டிக்குக் கீழே நீர்த்த கறுப்பை ஓட விடுங்கள்.

சக்கர அறையில் அதிகம் மினுக்க வேண்டாம். இரண்டு சக்கரமும் உள்நோக்கி மடங்கி நடுவே ஒரே அறையில் படுக்கின்றன. பழைய கிட்டில் அங்கே கூரையில்லை, கீழிருந்து பார்த்தால் காக்பிட் வரை ஓட்டை. முன்னும் பின்னும் ஷீட்டில் சுவர், மேலே கூரை, இரண்டு மூன்று குழாய், ஒரு செம்புக் கம்பி. அலுமினிய நிறம். போதும்.

உடலின் பின்பாதித் துணிதான் பழைய கிட்களில் மிகையாகப் போனது. சாக்குத் துணி மாதிரி சொரசொரப்பு, பட்டிகளுக்கு இடையே குழிகள். நிஜத்தில் டோப் என்னும் இறுக்கும் வார்னிஷ் பூசிய துணி பறை மாதிரி விறைத்திருக்கும். 400 எண் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, 800, 1200 என்று முடியுங்கள். பட்டிகள் விரலுக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குச் சாய்வெளிச்சத்தில் மட்டும் தெரிய வேண்டும். ஹரிக்கேனின் மார்க் 2 வகையில் இறக்கை உலோகம், ஆகவே அங்கே துணி அலை இருந்தால் மொத்தமாக எடுத்துவிடலாம். எய்லரான், எலிவேட்டர், ரடர் என்னும் அசையும் மடல்கள் மூன்றும் துணிதான், அவற்றை விட்டுவிடுங்கள். எஞ்சினை மூடும் முன்பகுதியில் புடைத்திருக்கும் கோடுகளைச் சுரண்டிவிட்டு ஊசியால் கீறுங்கள். சூப்பர் குளூவால் அடைத்த இணைப்பின் மேல் கீறும்போது கோடு வழுக்கி ஓடும், ஏனென்றால் ஒரு நாள் ஆன சூப்பர் குளூ பிளாஸ்டிக்கைவிடக் கடினம். அடைத்த ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துக் கீறி முடித்துவிட வேண்டும்.

மார்க் 2சி என்றால் நான்கு 20 மி.மீ. ஹிஸ்பானோ பீரங்கிகள். கிட்டில் வருவது உருண்டைக் குச்சி, வாயில் துளைகூட இருக்காது. ஊசிகளை இதற்குத்தான் வாங்கச் சொன்னேன். 26 எண் ஊசியின் வெளிவிட்டம் 0.46 மி.மீ., 21-இன் உள்விட்டம் 0.51 மி.மீ. ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்ளும். 21-ஐ 6 மி.மீ. நீளத்துக்கு வெட்டி இறக்கைக்குள் உறையாகப் புதைத்துவிட்டு, 26-ஐக் குழலாகக் கடைசி நாளில் சொருகினால் போதும். இடையில் பெயிண்ட் வேலையில் எதுவும் உடையாது.

ஊசியைக் குறட்டால் வெட்டாதீர்கள், நசுங்கி வாய் மூடிவிடும். முக்கோண அரத்தால் சுற்றிலும் ஒரு வெட்டுத் தடம் போட்டு, இரண்டு குறடால் பிடித்து ஒடியுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், துண்டு தெறிக்கும். முனையை 1000 தாளில் தேய்த்து, துளையை இன்னொரு மெல்லிய ஊசியால் சுத்தம் செய்யுங்கள். இறக்கைக்கு முன்னால் தெரியும் சுருள்வில்லுக்கு 36 கேஜ் கம்பியைக் குழலின் மேல் நெருக்கமாகச் சுற்றி, இரு முனையிலும் சூப்பர் குளூ பொட்டு.

இறக்கையை மூடுமுன் முன்விளிம்பின் உள்பக்கம் தடித்த ஸ்ப்ரூத் துண்டை ஒட்டிக் கெட்டிப்படுத்துங்கள். இல்லாவிட்டால் உறைக்குத் துளை போடும் 0.8 டிரில் உள்ளே வெற்றிடத்தில் பட்டு ஆடும். நான்கு குழலும் ஒரே திசை பார்க்கின்றனவா என்று கிராஃப் தாளின் மேல் வைத்து, மேலிருந்தும் முன்னிருந்தும் பார்த்துவிட்டுத்தான் உறைக்குப் பசை. ஒன்று அரை டிகிரி சாய்ந்தாலும் எந்தப் பெயிண்டும் அதை மறைக்காது.

இத்தனையும் தெரிய வேண்டுமென்றால் காக்பிட் மூடி திறந்திருக்க வேண்டும். கிட்டின் மூடி தடிமன், பின்னுக்குத் தள்ளினால் முதுகின் மேல் தொப்பி மாதிரி நிற்கும். புதிதாக வார்க்கத்தான் வேண்டும். அச்சுக்குத் தேக்கு. காரைக்குடியில் மரச்செதுக்குப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, பழைய பர்மா தேக்குச் சில்லு ஒன்று போதும். கிட்டின் மூடியைவிடச் சுற்றிலும் 0.25 மி.மீ. சிறிதாகச் செதுக்குங்கள், வார்க்கும் ஷீட்டின் தடிமன் அதை ஈடுகட்டும். அடியில் 5 மி.மீ. உயரத்துக்குப் பீடம் விட்டால்தான் மடிப்புகள் மூடியில் விழாமல் பீடத்தில் விழும். தேக்கின் இழை பிளாஸ்டிக்கில் பதியும், ஆகவே சூப்பர் குளூ பூசித் தேய்த்து மெருகேற்றுங்கள்.

ஷீட்டுக்குச் சேலைப் பெட்டியின் தெளிந்த பிளாஸ்டிக் மூடி. அச்சின் வடிவத்தைவிட ஒரு மி.மீ. பெரிதாக ஓட்டை போட்ட அட்டைகள் இரண்டுக்கு நடுவே அதைக் கிளிப் போட்டு இறுக்கி, மின் அடுப்பின் மேல் ஒரு சாண் உயரத்தில் காட்டுங்கள். வளவில், திறந்த வெளியில் செய்ய வேண்டும், சில ஷீட்டுகள் பி.வி.சி., புகை கெடுதல். தொய்ந்ததும் அச்சின் மேல் நேராகக் கீழே அழுத்துங்கள், ஒரே மூச்சில். பால் நிறமாக வெளுத்தால் சூடு அதிகம். மூலை கூர்மையாக வராவிட்டால் குறைவு. ஆறு தடவைக்கு ஒன்று நன்றாக வரும், அதற்கு ஏற்ப ஷீட் வெட்டி வையுங்கள்.

ஹரிக்கேன் மூடியில் சட்டங்கள் நிறைய. கண்ணாடி மேல் மறைப்பு வெட்டித் தடுமாறுவதைவிட, டேப்பில் பெயிண்ட் அடித்து 0.4 மி.மீ. பட்டிகளாகச் சீவி ஒட்டுவது சுத்தம். முன்கண்ணாடியின் வெளிப்புறம் குண்டு துளைக்காத கண்ணாடிக்கு ஒரு 0.5 மி.மீ. தெளிந்த துண்டு.

நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பெயிண்ட் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும், காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். காயும்போது எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து மூடி வைத்தால் செம்மண் புழுதி ஒட்டாது. அதே வெயிலில் ஒரு நன்மையும் உண்டு: மஞ்சளேறிய பழைய டெக்காலை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படம்) ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் சில நாளில் வெளுத்துவிடும். தண்ணீரில் போடுமுன் ஒரு பூச்சுத் தெளிந்த லாக்கர் அடியுங்கள், இல்லாவிட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஆனால் கிட்டோடு வரும் வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்பு இருக்கும். ஜப்பானியச் சின்னத்தோடு குழப்பம் வரக் கூடாது என்று 1943 முதல் நம் பக்கத்துப் போர்முனையில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். அடர் நீலத்துக்குள் வெளிர் நீலம் மட்டும். இதற்கு டெக்கால் தேட வேண்டாம், காம்பஸ் கட்டரில் டேப் வட்டம் வெட்டி அடித்துவிடலாம்.

மூடியை ஒட்ட மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசைதான். சூப்பர் குளூவின் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கில் வெண்புகையாகப் படியும், துடைத்தாலும் போகாது. பசையைக் குச்சி நுனியில் தொட்டு வைத்து, பிதுங்கியதை ஈரத் தூரிகையால் எடுத்துவிட்டு, ராத்திரி முழுக்க டப்பாவுக்குள் விட்டுவிடுங்கள். பீரங்கிக் குழல்களை மறுநாள் காலையில் சொருகலாம்.