பிஎஸ்4-ஐ விட்டுக் கிளம்பலாமா?

செப்டம்பர் 11, 2024, புதன்

சோனியின் பிளேஸ்டேஷன் (சுருக்கமாகப் பிஎஸ்) கேம் பெட்டிகளை வடிவமைக்கும் மார்க் செர்னி நேற்று ஒன்பது நிமிடம் பேசினார். பிஎஸ்5 புரோ வருகிறது, நவம்பர் 7-இல். படம் வரையும் வேகம் 45 சதவீதம் வரை கூடுதல், உள்ளே 2 டிபி எஸ்எஸ்டி என்ற வேகச் சேமிப்பகம். டிஸ்க் டிரைவ் மட்டும் கிடையாது, வேண்டுமென்றால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் நான் பார்த்தது 2015-இல் வாங்கிய என் பிஎஸ்4-இல், யூடியூப் போட்டு. அவர் பேசப் பேச இது டிவிக்குக் கீழே ஹேர் டிரையர் மாதிரி இரைந்துகொண்டே இருந்தது. பொறாமையோ என்னவோ.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் மனதில் நின்றது. படத்தின் தெளிவா, வேகமா என்று கேம் கேட்கும்போது முக்கால்வாசி முறை ஆட்கள் வேகத்தைத்தான் எடுக்கிறார்களாம். என்னிடம் எந்தக் கேமும் அப்படிக் கேட்ட நினைவில்லை. விநாடிக்கு 30 ஃபிரேம் (படம்), அதுவும் சண்டை சூடுபிடித்தால் 25.

இந்தத் தலைமுறை தொடங்கியது 2020 நவம்பரில். நான்கு வருடம் ஆகிவிட்டது, நான் இன்னும் வாசலில் நிற்கிறேன். முதல் இரண்டு வருடம் வாங்க நினைத்தவர்களுக்கே கிடைக்கவில்லை. அப்புறம் நான் விரும்பிய கேம் எல்லாமே பிஎஸ்4-க்கும் வந்துகொண்டிருந்தது: எல்டன் ரிங், கிரான் டூரிஸ்மோ 7, ஹொரைசன், ராக்னராக். ஆக, யாரும் என்னை வெளியே தள்ளவில்லை. தள்ளினால்தானே புறப்படத் தோன்றும்?

செப்டம்பர் 14, சனி

முதலில் இரைச்சலுக்கு ஒரு வழி பண்ணுவோம் என்று திறந்துவிட்டேன்.

பழைய பிஎஸ்4-இன் மேல்மூடியில் பளபளப்பான பாதி இருக்கிறதே, அதைப் பக்கவாட்டில் தள்ளினால் கழன்று வரும். உள்ளே ஹார்ட் டிஸ்கைப் பிடித்திருப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ. அதன் தலையில் முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம் நான்கும் பொறித்திருக்கிறது. ஒன்பது வருடம் இதே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒன்று உள்ளே இருப்பது தெரியாது. யாரும் பார்க்காத இடத்தில் இதைச் செய்து வைத்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது.

விசிறிப் பக்கம் போவது அவ்வளவு சுலபமில்லை. பின்பக்கம் நட்சத்திர வாய் ஸ்க்ரூ, நடுவில் ஒரு முளை வேறு, சாதாரணத் திருப்புளி உள்ளே இறங்காது. அடிமூடியைக் கழற்றி, பவர் சப்ளையைத் தூக்கினால்தான் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்தது ஹீட் சிங்க் இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளம். விரலால் பிடித்து இழுத்தேன், முழுசாக உரிந்து வந்தது. மகள் "அம்மா, இது எலியா?" என்றாள். பெட்டியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, ஒன்பது வருடத்தில் ஒரு நாள் துடைத்திருந்தால் இந்தக் கம்பளம் இல்லை.

மூடிவிட்டு ஆன் செய்தேன். சத்தமே இல்லை. ஆன் ஆகவில்லையோ என்று பயந்து நீல விளக்கைக் குனிந்து பார்த்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கை ஊறியது. வீட்டில் சும்மா கிடந்த 1 டிபி சாட்டா எஸ்எஸ்டியை அந்த நான்கு குறி ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே போட்டேன். ஆட்டம் நின்ற இடத்தைக் காத்து வைக்கும் சேவ் எல்லாவற்றையும் முன்னாலேயே யூஎஸ்பியில் எடுத்தாயிற்று. புது டிஸ்க் வெறும் பலகை என்பதால் சிஸ்டத்தையே மறுபடி ஏற்ற வேண்டும். பவர் பட்டனை இரண்டாவது பீப் வரும்வரை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட். கன்ட்ரோலரைக் கேபிளில் சொருகினால்தான் அதில் வேலை செய்யும். அது தெரியாமல் கால் மணி நேரம் பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். பிளட்போர்ன் கேமில் செத்து எழுந்திருக்க முன்பு 38 விநாடி, இப்போது 24. நான் சாகும் வேகத்துக்கு இது பெரிய லாபம்.

அப்போ புது கன்சோல் எதற்கு? இந்தக் கேள்வியோடு படுக்கப் போகிறேன். பதில் கொஞ்சம் தெரிந்த பதில்தான்: எஸ்எஸ்டி போட்டாலும் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது 2013-இன் 1.6 கிகாஹெர்ட்ஸ் ஜாகுவார் பிராசஸர். குழாயை மாற்றினேன், தொட்டி அதேதான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

எனக்கென்று ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன். "அங்கே இன்னும் அழகாக இருக்கும்" என்பதெல்லாம் கணக்கில் சேராது. இங்கே வரவே வராத கேம்கள், அதிலும் நான் உண்மையிலேயே ஆடப்போகிறவை எத்தனை?

ரிட்டர்னல், டீமன்ஸ் சோல்ஸ், ராட்செட், ஸ்பைடர்மேன் 2, ஃபைனல் ஃபேன்டஸி 16, பால்டர்ஸ் கேட் 3, இந்த மாதம் வந்த ஆஸ்ட்ரோ பாட். பெயர்கள் நிறைய. மனதைத் தொட்டுச் சொன்னால் ஒன்றரை. பால்டர்ஸ் கேட் 3 எனக்கு, ஆஸ்ட்ரோ பாட் மகளுக்கு (அதை அரை என்று வைத்தது அவளுக்குத் தெரிய வேண்டாம்). மறுபக்கம், எல்டன் ரிங் பாதியில் நிற்கிறது, ஜூனில் வந்த அதன் விரிவாக்கமும் பிஎஸ்4-இல் ஓடுகிறது. ஒன்றரை கேமுக்காக ஒரு பெட்டியா?

மே மாதம் சோனி ஒரு கணக்கு சொன்னது. மாதாமாதம் விளையாடுகிறவர்கள் பிஎஸ்4-இலும் பிஎஸ்5-இலும் ஏறக்குறைய சம அளவு. வாசலில் நிற்கும் கூட்டம் சிறியதில்லை. சரி, இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு. தம்பிக்கும் மெசேஜ் போட்டுவிட்டேன். "உன் இஷ்டம் அக்கா" என்று மட்டும் பதில்.

செப்டம்பர் 28, சனி

தம்பி வீட்டில் இருக்கிறோம். அவனிடம் பிஎஸ்5 வந்து ஒரு வருடம் ஆகிறது, நான் கையில் எடுப்பது இன்றுதான் முதல்முறை. பெட்டியோடு வரும் ஆஸ்ட்ரோஸ் பிளேரூமை மகளுக்குப் போட்டுக் கொடுத்தான். கண்ணாடித் தரையில் நடந்தால் கையில் டக் டக் என்று தெறிக்கிறது, மணலில் நடந்தால் சரசரவென்று உரசுகிறது, மழை வந்தால் உள்ளங்கையில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. இவ்வளவு நாள் "கன்ட்ரோலர் அதிரும், அவ்வளவுதானே" என்று பேசிக்கொண்டிருந்தேன். வாபஸ். மைக்கில் ஊத வேண்டிய இடத்தில் மகள் ஊதிய ஊதலில் பாதி எச்சில்தான் போனது.

இதை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. முகப்புத் திரையில் எஃப்சி 24 கால்பந்து கேம் இரண்டு கட்டங்களாக நின்றது, ஒன்றின் ஓரத்தில் பிஎஸ்4 என்ற அடையாளம்.

"ஒரே கேமை எதுக்குடா ரெண்டு போட்டு வச்சிருக்கே?"

"ஒண்ணு உனக்கு" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. இதற்கு முந்தைய ஃபிஃபா 23-இலிருந்து வேறு வேறு கன்சோல்காரர்கள் சேர்ந்து ஆடலாம், ஆனால் ஒரே தலைமுறைக்குள் மட்டும். பிஎஸ்5 மைக்ரோசாஃப்டின் புது எக்ஸ்பாக்ஸ் சீரிஸோடு ஆடும், பிஎஸ்4 அதன் பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு ஆடும், பிஎஸ்4-உம் பிஎஸ்5-உம் சேராது. கம்பெனி தாண்டலாம், தலைமுறை தாண்டக் கூடாது. நான் இதை எங்கேயோ படித்திருக்கிறேன். படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி தம்பியோடு சர்வசாதாரணமாக ஆடிக்கொண்டும் இருந்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. அவன்தான் தன் புதுப் பெட்டியில் பழைய பதிப்பை இறக்கி, ஓட்டமும் திருப்பமும் மட்டமாக இருக்கும் அந்த ஆட்டத்தை ஒரு வருடமாக என்னோடு ஆடியிருக்கிறான். பிஎஸ்5-இல் உள்ள ஹைப்பர்மோஷன் அசைவெல்லாம் இதில் கிடையாது. ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் உடனே வாங்கியிருப்பேன் என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான்.

அக்டோபர் 2, புதன்

அளவுகோலைத் தூக்கி ஓரமாக வைத்தாயிற்று. இனி எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

புரோ எனக்கு இல்லை. என் டிவி ஃபுல் எச்டி, அதை மாற்றும் உத்தேசமும் இல்லை. 4கே-வுக்காகச் செய்த வித்தையை அதில் போட்டுப் பார்ப்பது மூடிய கண்ணுக்கு மை தீட்டுவது. சாதாரண பிஎஸ்5 தரும் 60 ஃபிரேம் எந்த டிவியிலும் தெரியும், எனக்கு வேண்டியது அதுதான்.

டிஸ்க் டிரைவ் வேண்டுமா? அலமாரியில் எண்ணினேன், 31 பிஎஸ்4 டிஸ்க். டிரைவ் இல்லாத பெட்டியில் இவை எல்லாம் வெறும் வட்டத் தகடு. பிஎஸ்5 பதிப்புக்கு இலவசமாக மாறலாம் என்கிற கேம்களுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். பிஎஸ்5-இன் மெலிந்த வகையான ஸ்லிம்மில் டிரைவைத் தனியாகவும் பின்னால் மாட்டலாம், முதல்முறை இணையத்தோடு இணைத்துப் பதிவு செய்தால் போதும். "பின்னால்" என்று நான் தள்ளிப்போட்டவற்றின் பட்டியல் எனக்கே தெரியும் என்பதால், டிரைவோடு இருப்பதையே வாங்குகிறேன்.

அடுத்த பெட்டிக்குக் காத்திருக்கலாமே என்றார் வீட்டுக்காரர். பிஎஸ்3 2006, பிஎஸ்4 2013, பிஎஸ்5 2020. அதே தாளத்தில் போனால் அடுத்தது 2027. மூன்று வருடம், வாரம் ஒரு வெள்ளி. தம்பி இன்னும் 150 ராத்திரி எனக்காகப் பழைய பதிப்பில் ஆட வேண்டும். முடியாது.

அக்டோபர் 6, ஞாயிறு

டிவி ஸ்டாண்டில் ஸ்லிம் உட்காருமா என்று பார்க்க, அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி 35.8 சென்டிமீட்டர் நீளம், 21.6 ஆழம், 9.6 உயரத்தில் ஒன்று செய்து தட்டில் வைத்தேன். உயரத்தில் இரண்டு விரல் இடைவெளி மிச்சம். பின்னால் நிறைய இடம், ஏனென்றால் என் பிஎஸ்4 30.5 சென்டிமீட்டர் ஆழம். மகள் அட்டைக்கு இரண்டு கண் வரைந்துவிட்டாள்.

அக்டோபர் 11, வெள்ளி

எப்போதும்போல ஆடினோம். 3–2, எனக்கு. இன்று சந்தோஷமே இல்லை. அவன் வேண்டுமென்றே விட்டானோ என்று ஒவ்வொரு கோலுக்கும் சந்தேகம்.

அக்டோபர் 19, சனி

வந்துவிட்டது. அட்டைக் கண்ணழகனை மகள் தூக்கிப்போட விடவில்லை, தன் மேஜையில் வைத்துக்கொண்டாள்.

பிஎஸ்4-இலிருந்து கழற்றிய பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்கை ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு, கேம்களை அதற்கு மாற்றி வைத்திருந்தேன். அதைப் பிஎஸ்5-இல் சொருகினதும் பிஎஸ்4 கேம்கள் அப்படியே ஓடுகின்றன, மறுபடி இறக்க வேண்டியதில்லை. பிஎஸ்5 கேம்கள் அதில் ஓடாது, சேமித்து மட்டும் வைக்கலாம். போன மாதம் பெருமையாக மாட்டிய சாட்டா எஸ்எஸ்டிக்கு இங்கே வேலையே இல்லை, இதற்குள் போவது எம்.2 வகை மட்டும். அது பிஎஸ்4-க்குள்ளேயே இருக்கட்டும். அந்தப் பெட்டி மகளுக்கு.

சேவ்களை இரண்டு பெட்டியையும் ஒரே நெட்வொர்க்கில் வைத்து மாற்றினேன். நடுவில் பிஎஸ்4-இன் பவர் பட்டனைப் பீப் வரும்வரை அழுத்தச் சொல்லியது. ஒன்பது வருடப் பழக்கத்தில் அதை அணைத்துவிடுவேனோ என்று கை நடுங்கியது.

பிளட்போர்ன் இங்கேயும் 30 ஃபிரேம்தான், அது யாருக்கும் அசையாது. காட் ஆஃப் வார் 60-இல் ஓடியபோது, ஏற்கெனவே முடித்த முதல் சண்டையை மூன்று தடவை ஆடினேன்.

அக்டோபர் 25, வெள்ளி

எஃப்சி 24-ஐ ஸ்டோரில் வாங்கியிருந்ததால் பிஎஸ்5 பதிப்பும் என் கணக்கில் இருந்தது. இறக்கி வைத்துவிட்டு தம்பியை அழைத்தேன். அவன் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. "எந்த வெர்ஷன்ல இருக்கே?" என்றான். "உன்னோடதுல" என்றேன்.

5–0. எனக்கு இல்லை. பந்து உருளும் விதமே வேறு, பின்வரிசை ஆள் திரும்ப அரை விநாடி கூடுதலாக எடுக்கிறான், என் விரல் இன்னும் பழைய கணக்கில் தட்டுகிறது. நான்காவது கோலுக்கு அவன் சிரித்த சிரிப்பைக் கேட்டதும் ஒன்று உறைத்தது. ஒரு வருடமாக இவன் என்னிடம் விட்டுத்தான் கொடுத்திருக்கிறான்.

ஆட்டம் முடிந்து அவன் போன பிறகு என் கரியர் மோடைத் தேடினேன். ஏழு சீசன், இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏற்றிக் கொண்டுவந்த அணி. அந்த சேவைப் பிஎஸ்5 பதிப்பு எடுத்துக்கொள்ளாது, பிஎஸ்4 பதிப்பில்தான் திறக்கும். அதையும் இறக்கினேன். இப்போது என் முகப்புத் திரையிலும் எஃப்சி 24 இரண்டு கட்டங்களாக நிற்கிறது. எட்டாவது சீசனின் முதல் ஆட்டம் நாளைக்கு, மணி இப்போதே பன்னிரண்டரை.