சுயேச்சையாக நிற்பவருக்கு: ஒரு தேர்தல் நாட்குறிப்பு

மார்ச் 12, 2021, வெள்ளி

சட்டமன்றத் தேர்தலுக்கு இன்று வேட்புமனுத் தாக்கல் தொடங்கிவிட்டது. கடைசி நாள் 19. ஒரு வாரம் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. நாளை இரண்டாம் சனி, மறுநாள் ஞாயிறு. இரண்டு நாளும் மனு வாங்க மாட்டார்கள். ஆக இருப்பது ஆறே நாள், அதுவும் காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரைதான்.

அதைவிட அவசரமானது வங்கிக் கணக்கு. தேர்தல் செலவுக்கென்றே தனிக் கணக்கு வேண்டும். மனுத் தாக்கல் செய்வதற்கு ஒரு நாள் முன்பாவது அதைத் தொடங்கியிருக்க வேண்டும். பழைய சேமிப்புக் கணக்கைக் காட்ட முடியாது. மனைவியோடு கூட்டுக் கணக்கும் ஆகாது, தேர்தல் முகவரோடு சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். 15, 16 தேதிகளில் நாடு முழுக்க வங்கி ஊழியர் வேலைநிறுத்தம். இன்று அரசு வங்கிக்குப் போகாதவர் இனி 17ஆம் தேதிதான் போக முடியும். அப்புறம் மனுவுக்கு 18, 19 மட்டுமே மிச்சம்.

மார்ச் 14, ஞாயிறு

முன்மொழிபவர்களைத் திரட்ட விடுமுறை நாள்தான் நல்ல நாள். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கும் அங்கீகாரம் இல்லாத கட்சிக்காரருக்கும் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேருமே அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். வேட்பாளர் மட்டும் தமிழ்நாட்டின் எந்தத் தொகுதி வாக்காளராகவும் இருக்கலாம். வேறு தொகுதிக்காரர் என்றால் அந்தத் தொகுதி வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகலை இணைக்க வேண்டும்.

மனு வழுக்குவது பெரும்பாலும் முன்மொழிபவர்களின் வாக்காளர் பட்டியல் பாகம் எண், வரிசை எண்ணில்தான். இறுதி வாக்காளர் பட்டியல் ஜனவரி 20 அன்று வந்தது. போன தேர்தலின் பூத் சிலிப்பைப் பார்த்து எழுதினால் எண் மாறியிருக்கும். புதுப் பட்டியலைத் திறந்து ஒவ்வொருவர் பெயரையும் விரலால் தொட்டுச் சரிபாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்களுக்குப் பட்டியல் இலவசம், நமக்குக் காசுக்குத்தான். கைநாட்டு வைப்பவர் முன்மொழிந்தால் அவர் அதைத் தேர்தல் நடத்தும் அலுவலர் அல்லது அதற்கு அதிகாரம் பெற்ற அதிகாரி முன்னால்தான் வைக்க வேண்டும். வீட்டிலேயே வைத்து வாங்கி வந்தால் செல்லாது.

ஒருவருக்கு நான்கு மனுக்கள் வரை அனுமதி உண்டு. வேறு பத்துப் பேரை வைத்து இரண்டாவது மனுவையும் கொடுத்துவிடுங்கள். டெபாசிட் ஒருமுறை கட்டினால் போதும்: 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. காசோலை வாங்க மாட்டார்கள்.

இந்தப் பத்துப் பேர் விதிக்குப் பின்னால் ஈரோடு மாவட்டத்தின் மொடக்குறிச்சித் தொகுதி இருக்கிறது. 1996இல் அங்கே தங்கள் கோரிக்கைகளை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். மொத்தம் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது, வாக்குப்பதிவும் தள்ளிப்போனது. அன்று டெபாசிட் 250 ரூபாய். அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி அதை 5,000 ஆக்கினார்கள், பத்துப் பேரையும் கேட்டார்கள். பிறகு அது 10,000 ஆனது. அந்த விவசாயிகள் ஜெயிக்க நிற்கவில்லை, ஆனால் நாடு முழுக்கப் பேச வைத்தார்கள். வெல்ல வாய்ப்பில்லாதவர் நிற்பதற்கும் ஓர் அர்த்தம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மார்ச் 16, செவ்வாய்

படிவம் 26, அதாவது பிரமாணப் பத்திரம். நோட்டரி கையொப்பத்தோடு கொடுக்க வேண்டும். தனக்கும், துணைவருக்கும், சார்ந்திருப்பவர்களுக்கும் ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம், பான் எண், அசையும் அசையாச் சொத்து, கடன், அதோடு தன் மீதான வழக்குகள், தன் சமூக ஊடகக் கணக்குகள் எல்லாம் அதில் வரும். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது, கோடும் போடக் கூடாது. "இல்லை", "பொருந்தாது" என்று எழுத்தால் எழுதுங்கள். வெற்றிடத்தை நிரப்பச் சொல்லியும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மனு கொடுத்ததும் உறுதிமொழி எடுக்க வேண்டும். 20ஆம் தேதி பரிசீலனை என்றால் அந்த நாள் பிறப்பதற்குள் எடுத்து முடித்திருக்க வேண்டும். கூட்டத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு இதை மறந்து வீட்டுக்குப் போய்விடுபவர்கள் உண்டு. மற்றதெல்லாம் சரியாக இருந்தும் மனு போய்விடும். உறுதிமொழி எடுத்ததற்கான சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மார்ச் 20, சனி

பரிசீலனைக்கு வேட்பாளர், தேர்தல் முகவர், முன்மொழிந்தவரில் ஒருவர், எழுத்துமூலம் அனுமதி பெற்ற இன்னொருவர் என்று நான்கு பேர் போகலாம். அந்த நான்காவது ஆள் வக்கீலாக இருக்கட்டும். முக்கியமில்லாத சிறு பிழைக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. தள்ளினால் காரணத்தை எழுதிய ஆணையை அங்கேயே கேளுங்கள். இப்போதைக்கு எந்த நீதிமன்றமும் குறுக்கிடாது. முடிவு வந்த பிறகு 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடுவதுதான் வழி.

மார்ச் 22, திங்கள்

மனுவைத் திரும்பப் பெற 3 மணி வரை நேரம். பிறகு சின்னம். மனுவில் மூன்று சின்னங்களை வரிசைப்படி கேட்டிருப்போம். பல மனு கொடுத்திருந்தால் முதலில் கொடுத்ததில் எழுதியதுதான் கணக்கு. ஒரே சின்னத்தை இரண்டு சுயேச்சைகள் கேட்டால் சீட்டுக் குலுக்கல். பதிவு செய்த கட்சியின் வேட்பாளர் ஒருவர் கேட்டிருந்தால் அவருக்குத்தான் முன்னுரிமை. பிரஷர் குக்கர், டார்ச் லைட், கரும்பு விவசாயி எல்லாம் கட்சிகளுக்குப் பொதுச் சின்னமாகப் போய்விட்டன. வரைந்தால் ஒரே பார்வையில் புரிகிற சின்னத்தைக் கேட்டிருக்க வேண்டும், உதாரணமாகத் தையல் இயந்திரம். சுவரில் வரைபவருக்கும் அதுதான் சுலபம்.

வாக்குப்பதிவு இயந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு செய்த கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. ஒரு கருவியில் நோட்டாவோடு சேர்த்து 16 இடம். கரூரில் இந்த முறை 77 பேர். அங்கே ஐந்து கருவிகளை வரிசையாக வைக்க வேண்டும். அதனால் "எங்கள் சின்னம்" என்று மட்டும் சொல்லாமல் எத்தனையாவது கருவியில் எத்தனையாவது பொத்தான் என்று சொல்லுங்கள்.

மார்ச் 27, சனி

தமிழ்நாட்டில் 88,937 வாக்குச்சாவடிகள், 234 தொகுதிகள். தொகுதிக்குச் சராசரி 380 பூத். இந்தத் தேர்தலுக்கு வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 30.80 லட்சம் ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாதவர் 380 பூத்துக்கும் அலைவது வீண். முகம் தெரிந்த முப்பது பூத்தை எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு முறை போங்கள். கொரோனா விதிப்படி வேட்பாளரோடு சேர்த்து ஐந்து பேர்தான் வீடு வீடாகப் போகலாம். ஐந்து பேர்தான் நம்மிடமும் இருப்பார்கள்.

நோட்டீஸில் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவர் பெயர், முகவரி இருந்தே ஆக வேண்டும். இல்லாமல் அச்சடித்தால் வழக்கு வரும்.

செலவுப் பதிவேட்டை அன்றன்றே எழுதுங்கள். வெள்ளைப் பக்கம் தினச் செலவு, இளஞ்சிவப்பு ரொக்கம், மஞ்சள் வங்கி. தேர்தல் காலம் முழுவதற்கும் சேர்த்து ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. நண்பர் சும்மா ஓட்டிய ஆட்டோவுக்கும் வாடகை மதிப்புப் போட வேண்டும். நம் செலவைத் தாங்களே குறித்து அதிகாரிகள் வைத்திருக்கும் நிழல் பதிவேட்டில் அது ஏற்கெனவே ஏறியிருக்கும்.

ஏப்ரல் 6, செவ்வாய்

வாக்குச்சாவடி முகவர் இல்லாத பூத்தில் நமக்குக் கண் இல்லை. முகவர் அதே பூத்தின் அல்லது பக்கத்து பூத்தின் வாக்காளராக இருக்க வேண்டும், அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் அதே தொகுதியின் வாக்காளராகவாவது இருக்க வேண்டும். ஏழு மணி வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, எண்ணி, அழித்து, விவிபேட் சீட்டுகளை எடுத்து முத்திரை வைப்பார்கள். அழித்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்து. இரவு 7 மணிக்கு முடிந்ததும், பதிவான ஓட்டுக் கணக்கு இருக்கும் 17சி படிவ நகலை வாங்காமல் வெளியே வரக் கூடாது. எண்ணும் நாளில் கட்டுப்பாட்டுக் கருவி காட்டும் மொத்தத்தை ஒப்பிட நம்மிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தத் தாள்.

மே 2, ஞாயிறு

தபால் ஓட்டு எண்ணிக்கை 8 மணிக்கு. உள்ளே போக கொரோனா இல்லை என்ற பரிசோதனை முடிவோ, இரண்டு தவணை தடுப்பூசிச் சான்றோ வேண்டும்.

டெபாசிட் திரும்ப வர, செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். 1,80,000 செல்லத்தக்க ஓட்டு என்றால் 30,000 வாங்கினாலும் போய்விடும், 30,001 வேண்டும். நோட்டாவை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. மொத்தத்தைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். பூத் வாரியான எண்ணிக்கையை எடுத்து, அந்த முப்பது பூத்தில் எங்கே நூறைத் தாண்டியது என்று பாருங்கள்.

ஜூன் 1, செவ்வாய்

செலவுக் கணக்கைக் கொடுக்க இன்றுதான் கடைசி, முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாள். தோற்றவரும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு எந்தச் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலிலும் நிற்கத் தகுதி போய்விடும்.

ஜனவரி 28, 2022, வெள்ளி

நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்கு மனுத் தாக்கல் இன்று தொடங்கியது, பிப்ரவரி 4 வரை. வயது 21 போதும். டெபாசிட் பேரூராட்சி வார்டுக்கு 1,000, நகராட்சிக்கு 2,000, மாநகராட்சிக்கு 4,000, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பாதி.

மே மாதம் எடுத்து வைத்த பூத் கணக்கு இப்போது உதவும். சட்டமன்றத் தொகுதியில் காணாமல் போன நூறு ஓட்டு, பேரூராட்சி வார்டில் வெற்றியையே தீர்மானிக்கும். ஆனால் பூத் எல்லையும் வார்டு எல்லையும் ஒன்றல்ல. வார்டு வாரியான பட்டியலை வாங்கித் தெருத் தெருவாகப் பிரித்துப் பாருங்கள். மார்ச் 4 அன்று தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். இரண்டு அணியும் சமமாக வந்த மன்றத்தில் ஒரு சுயேச்சையின் ஓட்டுக்காக எல்லோரும் வீடு தேடி வருவார்கள். அன்று எதைக் கேட்பது, குடிநீர்க் குழாயா, சாக்கடையா, தெருவிளக்கா என்பதை வார்டு மக்களிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.