பேருந்தில் தொலைந்த பையும் என் மடிக்கணினியும்

பிறருக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில் என்பதால், என் சொந்த மடிக்கணினியில் கிடப்பவை பெரும்பாலும் பிறருடைய பான் அட்டை நகல்களும் வங்கிக் கணக்கு அறிக்கைகளும்தான். இரவுப் பேருந்தில் கணினிப் பையைப் பறிகொடுத்த நண்பர் ஒருவர், "பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன், திறக்க முடியாது" என்று தம்மைத் தேற்றிக்கொண்டபோது, அது உண்மைதானா என்று பார்க்கத் தோன்றியது. என் பழைய கணினியில் கோப்புகளைச் சேமிக்கும் வட்டான எஸ்எஸ்டியைக் கழற்றி, யூஎஸ்பி உறையில் பொருத்தி, வேறொரு கணினியில் செருகினேன். கோப்புறையைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை என்று ஒரு சிறு பெட்டி தோன்றியது; அதிலேயே இருந்த 'தொடர்க' பொத்தானை அழுத்தியதும் எல்லாம் திறந்துகொண்டன.

அன்று மாலையே, வட்டில் உள்ளவற்றைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை என் மடிக்கணினியில் இயக்கினேன். விண்டோஸின் ஹோம் பதிப்பில் இதன் முழு வடிவம் கிடைக்காது, என்னுடையது புரோ. பயன்பாட்டில் உள்ள இடத்தை மட்டும் குறியாக்கம் செய்தால் வேலை விரைவில் முடியும் என்றாலும், அழித்த கோப்புகளின் எச்சங்கள் அப்படியே கிடக்கக்கூடும் என்பதால் முழு வட்டையும் தேர்ந்தெடுத்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் அது ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமான வழியில் வட்டு திறக்காதபோது உதவும் 48 இலக்க மீட்புச் சாவியை அச்சிட்டு அக்காவின் வீட்டு பீரோவில் வைத்தேன். அதைக் கணினிப் பையிலேயே வைப்பது, பூட்டிய கதவிலேயே சாவியைத் தொங்கவிடுவதற்குச் சமம்.

இயல்பான அமைப்பில், தாய்ப்பலகையில் சாவியைக் காத்துவைக்கும் டிபிஎம் சிப் கணினியை இயக்கியதுமே வட்டைத் தானாகத் திறந்துவிடுகிறது. அது எனக்குப் போதுமானதாகப் படவில்லை. விண்டோஸின் குழுக் கொள்கை (Group Policy) அமைப்பில், தொடக்கத்திலேயே பின் (PIN) எண் கேட்கும்படி மாற்றினேன். உறக்க நிலையில் சாவி நினைவகத்திலேயே தங்கிவிடுவதால், மூடியை மூடினால், நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு அணைந்துவிடும்படியும் (ஹைபர்னேட்) செய்தேன். வெளியில் கொண்டுசெல்பவர்களுக்கு இந்த இரண்டும் அவசியம் என்பது என் கருத்து.

சில வாரங்கள் கழித்து, கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தபோது, நீலத் திரை ஒன்று மீட்புச் சாவியைக் கேட்டது. பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துவிட்டு அதைச் செய்திருக்க வேண்டும், தவறு என்னுடையதுதான். அக்கா தொலைபேசியில் ஆறு ஆறு இலக்கமாகப் படித்துச் சொல்ல, எட்டுத் தொகுதிகளையும் தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். தாளில் 1 போலத் தெரிந்த 7 எது என்பதை அன்று அப்படியே கண்டுபிடித்திருக்கலாம். அதற்குப் பதிலாக அக்காவை மூக்குக் கண்ணாடி எடுத்துவர அனுப்பினேன்.