அசுவினியும் அதன் புக்னெராவும்

அவரைக் கொடியின் இளந்தளிரிலும் பிஞ்சிலும் கரிய கடுகு மணிகளாக அப்பிக்கிடக்கும் அசுவினிப் பூச்சியைத் தோட்டம் வைத்திருப்போர் நன்கு அறிவர். அது உறிஞ்சும் சாற்றில் சர்க்கரை மிகுதி. புரதத்தைக் கட்டுவதற்கு வேண்டியவையும், விலங்குகளால் தாமே உருவாக்கிக்கொள்ள இயலாதவையுமான இன்றியமையாத அமினோ அமிலங்களோ மிகக் குறைவு. மிஞ்சிய சர்க்கரையைப் பிசுபிசுப்பான கழிவாக வெளியேற்றிவிடுகிறது. எறும்புகள் மொய்ப்பதும் இலையில் கரும்பூசணம் படர்வதும் அதனால்தான். இத்தகைய அரைகுறை உணவை உண்டும், பிறந்த சில நாட்களிலேயே வளர்ந்து குட்டி போடத் தொடங்கிவிடுகிறதே, அதற்கான புரதம் எங்கிருந்து கிடைக்கிறது?

அசுவினியின் வயிற்றுப் பகுதியில், மற்ற செல்களைவிடப் பன்மடங்கு பெரிய சில பத்துச் செல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தால், உட்பகுதி முழுவதும் உருண்டையான பாக்டீரியாக்கள் இடைவெளியின்றி நெருக்கியடித்துக் கொண்டிருப்பதும், ஒவ்வொன்றையும் அசுவினி தன் சொந்தச் சவ்வினால் போர்த்தியிருப்பதும் தெரியும். இந்தப் பாக்டீரியாவின் பெயர் புக்னெரா. இத்தகைய உறவுகளை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஜெர்மானிய விலங்கியலாளர் பவுல் புக்னரின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது.

2000ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் பட்டாணி அசுவினியில் வாழும் புக்னெராவின் மரபணுத் தொகுதியை முழுமையாக வாசித்து வெளியிட்டனர். அதில் சுமார் 6,40,000 காரஇணைகளே, அதாவது மரபணு எழுத்துகளே, இருந்தன. அதன் உறவினரான, குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில் ஏறத்தாழ 46 லட்சம். வெளிச்சவ்வைக் கட்டுவதற்கும், சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதற்கும் வேண்டிய மரபணுக்களில் பெரும்பாலானவற்றை இழந்துவிட்ட புக்னெரா, அசுவினிக்குத் தேவையான அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் மரபணுக்களை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறது. அதிலும் ஒரு விந்தை உண்டு: லியூசின், ஐசோலியூசின், வேலின் ஆகிய மூன்றையும் தயாரிக்கும் கடைசிப் படிக்கு வேண்டிய நொதி புக்னெராவிடம் இல்லை, அந்தப் படியை அசுவினியின் செல்லே முடித்துவைக்கிறது.

இதைப் பரஸ்பர உதவி என்று பாடநூல்கள் வருணிக்கின்றன. எனக்கோ, இரு தரப்பும் திரும்பிப்போகும் வழியை அடைத்துக்கொண்ட ஏற்பாடாகவே இது தோன்றுகிறது. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துப் புக்னெராவை அழித்தால், அசுவினியின் வளர்ச்சி குன்றிப் பெரும்பாலும் மலடாகிறது. புக்னெராவுக்கோ அசுவினிக்கு வெளியே வாழ்வே கிடையாது; தாயின் செல்லிலிருந்து வயிற்றிலுள்ள கருவுக்குள் நேரே கடத்தப்படுவதால், அது பல கோடி ஆண்டுகளாக வெளியுலகை அறிந்ததில்லை.

இந்தப் பிணைப்பு எவ்வளவு நுணுக்கமானது என்பதை 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. புக்னெராவின் வெப்பத்தாங்கு மரபணு ஒன்றை இயக்கும் பகுதியில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தால், இளம் பருவத்தில் சில மணி நேரக் கடும் வெயிலைச் சந்தித்த அசுவினி மிகச் சில குட்டிகளையே ஈனுகிறது, அல்லது ஒன்றுகூட ஈனுவதில்லை. குளிர்ந்த சூழலிலோ, அதே குறையுடையவை மற்றவற்றைவிட நன்றாகவே இனப்பெருக்கம் செய்கின்றன. வெயில் அசுவினியைத் தாக்குகிறது என்று நாம் எண்ணும் இடத்தில், உண்மையில் வாடுவது அதன் குடியிருப்பாளர்தான்.

தேவதாரு மரங்களில் வாழும் ஓர் அசுவினி இனத்தில் நிலைமை இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. அங்குள்ள புக்னெரா சுமார் 4,20,000 காரஇணைகள் வரை சுருங்கி, டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத் தயாரிப்பின் முதற்படியை மட்டுமே செய்கிறது. மீதிப் படிகளை, பின்னாளில் குடியேறிய செர்ரேஷியா என்னும் இரண்டாவது பாக்டீரியா செய்து முடிக்கிறது. அந்த அசுவினிக்கு இப்போது இருவருமே இல்லாமல் தீராது.